இடம் சொல்ல முடியாத மாலை

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் நண்டுக்காரர் கூடையைக் கவிழ்த்தார். கயிறு கட்டிய நண்டுகள் உருண்டு விழுந்தன. கூடவே கூடையின் அடியில் ஒட்டியிருந்த கருஞ்சேறும் ஒரு கைப்பிடி விழுந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். உப்பும் அழுகிய இலையும் கெட்ட முட்டையும் கலந்த வாசம். "ஆன்டி, ஓகேயா? உக்காருறீங்களா?" என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆட்கள் மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கோ தண்ணீர் வற்றிய ஓடையில் சாய்ந்து நிற்கும் படகுக்குள் இருப்பது போலவே இருந்தது. இந்த வாசத்தைப் பற்றிப் பேச எனக்கு நீ ஒருத்திதான் இருந்தாய். நீயும் இல்லாத இந்தச் சில மாதங்களில், உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே வைத்திருக்கிறேன். அதற்குத்தான் இந்த மடல்.

நாம் முதலில் சந்தித்தது எண்பதுகளில். சுபாங் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் நம் நில அளவை நிறுவனம் இருந்தது. வெளியில் போய் அளந்து வருவார்கள். அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றிக் கணக்குப் போட்டு வரைபடத்துக்குக் கொடுப்பது என் வேலை. கருவிகளைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. முதல் நாள் நீ ஸ்குரூ டிரைவரைக் கூந்தலில் செருகிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "உங்க பிரிண்டர் கத்துற கத்தல் கீழ் கடை வரைக்கும் கேக்குது, தெரியுமா?" என்றாய். அன்று பிரிண்டரைச் சரிசெய்தாய். மறுவாரம் 'உங்க' போய் 'உன்' ஆகிவிட்டது.

நீ கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். எழுபதுகளின் கடைசியில், பள்ளி முடித்த கையோடு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டாய். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. "ஜன்னலே இல்ல லா அங்க. வெளிய மழையா வெயிலான்னு பக்கத்துல ஷிப்ட் மாறி வர்றவகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவோம்" என்று சொல்வாய். மாலை வகுப்பில் டிப்ளோமா முடித்ததும் முதல் காரியமாக அந்த வேலையை விட்டாய். நம் நிறுவனத்தில் சம்பளம் குறைவு. இருந்தாலும் வெளிவேலை உண்டு, வானத்தைப் பார்க்கலாம் என்று வந்தாய்.

என் வீட்டுக்கு உன்னைக் கூட்டிப் போன நாள் நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா உன்னை வாசலிலேயே நிறுத்தி, "பிள்ளை நல்லாய் மெலிஞ்சு போனாய். வா, இருந்து சாப்பிடு" என்றாள். முதல் தடவை பார்க்கிறவளிடம் மெலிந்துபோனாய் என்கிறாளே என்று நான் கூசினேன். நீயோ மூன்றாம் தடவையும் தேங்காய்ப்பால் சொதிக்குக் கை நீட்டினாய். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, "உங்கம்மா திட்டுனாக்கூட பாட்டு மாதிரி இருக்கும் போல லா" என்றாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக இடம் காணும் கருவி ஒன்றை வாங்கியது. இன்று பேரப்பிள்ளைகளின் கைபேசிக்குள் கிடக்கிற அந்த விஷயம் அன்று ஒரு பெட்டி. பேட்டரி தனி, தட்டு மாதிரியான ஆன்டெனா தனி. எல்லாவற்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மேலே சுற்றும் செயற்கைக்கோள்களும் அப்போது முழுசாக வந்து சேரவில்லை. எந்த நேரத்தில் போதுமான கோள்கள் நம் தலைக்கு மேல் இருக்கும் என்று பார்த்து, அந்த நேரத்துக்கு ஓட வேண்டும். அது பெரும்பாலும் மாலையாகவே அமையும்.

அந்தப் பங்குனியில் தொல்லை ஆரம்பித்தது. பொழுது சாய்ந்ததும் பதிவு துண்டு துண்டாக அறுந்தது. என் கணினித் திரையில் கோடு போய்க்கொண்டே இருக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது, பிறகு மறுபடியும் வரும். நீ கேபிளை மாற்றினாய். இணைப்புகளைத் துடைத்தாய். கருவியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு ஈயப் பொட்டாகப் பார்த்தாய். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் மாலையும் அறுந்தது.

கடைசியில் கருவி விற்ற நிறுவனத்தின் வெளிநாட்டுப் பொறியாளரிடம் நீ போனில் நெடுநேரம் பேசினாய். பேசி முடித்ததும் என்னைக் கீழே தே தாரிக் தேநீர்க் கடைக்கு இழுத்துப் போனாய்.

"கமலி, கோளாறு நம்ம மெஷின்ல இல்லையாம். மேலயாம்."

"மேலன்னா, சேட்டலைட்லயா?"

"இல்ல லா, நடுவுல. காத்தெல்லாம் முடிஞ்சு அதுக்கும் மேல ஒரு அடுக்கு இருக்காம், அயனோஸ்பியர்னு. வெயில் பட்டுப் பட்டு அதுல மின்சாரம் ஏறிப்போய் கிடக்குமாம். சிக்னல் அது வழியாத்தான் கீழ வரணும். பகல்ல கொஞ்சம் தாமதமா வரும், அத கணக்குல கழிச்சிரலாம். பொழுது சாஞ்சதும்தான் வினை. நம்மள மாதிரி பூமிக்கு நடுவுல இருக்கிற ஊருலதான் அது ரொம்பவாம். அடியிலேருந்து குமிழ் குமிழா பொங்கி மேல எழும்புமாம். சிக்னல் அதுல மாட்டுனா நடுங்கிரும். நட்சத்திரம் மினுக்குது பாரு, அந்த மாதிரி. நம்ம மெஷினால பிடிக்க முடியாது. விட்டுரும்."

"எப்பத்தான் சரியாகும்?"

"சூரியன் இப்ப ரொம்ப கொதிப்புல இருக்காம். இந்த வருஷம் பூரா இப்படித்தான். அதுலயும் இந்த மாசமும், அப்புறம் புரட்டாசி ஐப்பசியும் ரொம்ப மோசம்ன்னான்."

என் திரையில் கோடு அறுகிற நேரங்களும் நீ சொன்னதோடு ஒத்துப்போயின. நாம் இரண்டு பேருமாகப் போய் முதலாளியிடம் சொன்னோம். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ராத்திரியில ஏதும்மா சூரியன்? கேபிளப் பாருங்க" என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த வேலை வந்தது. கிள்ளான் ஆற்று முகத்துவாரத்துத் தீவுகளுக்கிடையே, சேற்றுத் திட்டுகளில் நட்டிருந்த அடையாளக் கம்பங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று அளந்து கொடுக்க வேண்டும். வழக்கமாகப் போகிற ஆள் விடுப்பில் இருந்தான். "நீ வா லா, கடல் காத்து வாங்கிட்டு வரலாம்" என்று என்னைக் கிளப்பினாய். படகு ஆ செங் அங்கிளுடையது. சீனர், கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் குடியிருந்தவர், அப்போதே ஐம்பது தாண்டியிருந்தவர். துறைமுகத்தில் நம் ஆட்களோடு மூட்டை தூக்கிய காலத்தில் கற்ற தமிழும் மலாயும் கலந்து பேசுவார். நம் இருவருக்கும் அவர் வைத்த பெயர் 'தங்காச்சி'.

வேலை வெயில் இறங்குமுன்பே முடிந்துவிட்டது. கருவியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தோம். நீர் வடிய ஆரம்பித்திருந்தது. போன வழியில் திரும்பினால் திட்டில் தட்டும் என்று ஆ செங் அங்கிள் பாக்காவ் எனும் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து ஓர் ஓடையைப் பிடித்தார். அந்தக் காட்டில் ஓடைக்குள் ஓடை பிரியும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் வேர்கள் கால் மாற்றி நிற்பது போல நிற்கும். இடது, வலது, மறுபடி வலது என்று அவர் பாட்டுக்கு ஓட்டினார். நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

திடீரென்று படகு உதறி நின்றது. யாரோ விட்டுப்போன வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அங்கிள் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் இறங்கினார். தண்ணீர் இடுப்பளவு. குனிந்து வலையை அறுத்துக்கொண்டிருந்தவரின் கால் சேற்றில் வழுக்கியது. கத்தி தண்ணீருக்குள்ளேயே அவருடைய கெண்டைக்காலில் இறங்கியது. அவர் கத்தவில்லை. "அய்யோ" என்று மெதுவாகத் தமிழில் சொன்னார். தண்ணீர் நிறம் மாறியதைப் பார்த்துத்தான் நமக்குப் புரிந்தது.

அவரை இழுத்து மேலே போட்டோம். ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. நீ உன் துப்பட்டாவைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கினாய். அது போதவில்லை. படகில் கிடந்த அவருடைய சாரோங் கைலியைச் சுருட்டிக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாய். "ரேடியோவ எடு கமலி" என்றாய்.

படகில் இருந்த பேசும் ரேடியோ வேலை செய்தது. துறைமுகப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞனின் குரல் உடனே கிடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓர் ஆளுக்குக் காலில் வெட்டு, ரத்தம் நிற்கவில்லை, படகு நகராது என்று மலாயில் சொன்னேன். "படகு தயார்" என்றான். "போஸிஷன் கொடுங்கள்."

நாம் எங்கே இருந்தோம்? ஆ செங் அங்கிளைக் கேட்டேன். ஓர் ஓடையின் பெயரைச் சொன்னார். மறுபடி கேட்டதற்கு வேறு பெயரைச் சொன்னார். அவர் உதடு வெளுத்திருந்தது. ஆனால் நம்மிடம் கருவி இருக்கிறதே! ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, ஆன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றி, படகின் முனையில் கட்டினேன். கருவி விழித்துக் கோள்களைத் தேட ஆரம்பித்தது. மேற்கே மரங்களுக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கோள் கிடைத்தது. இரண்டாவதும் மூன்றாவதும் கிடைத்தன. நான்காவது வந்தது, எண்கள் தோன்றின. வரைபடத்தில் தேடினால் அது திறந்த கடல். நம்மைச் சுற்றியோ கைக்கெட்டும் தூரத்தில் மரங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோள் போனது, இன்னொன்றும் போனது. திரும்பி வந்த எண்கள் நம்மை ஒரு தீவின் நடுவில் வைத்தன. பிறகு திரை வெறுமையாகிவிட்டது.

"கேபிள்?" என்று நீ பின்னாலிருந்து கேட்டாய்.

"இறுக்கமாத்தான் இருக்கு."

"பேட்டரி?"

"ஃபுல்லா இருக்கு."

நீ மேலே பார்த்தாய். நானும் பார்த்தேன். மேகம் இல்லை, காற்று இல்லை. முதல் நட்சத்திரம் வந்திருந்தது. அத்தனை சுத்தமான வானத்தை அந்த மாதத்தில் நான் பார்த்ததில்லை. கொதிப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நடந்துகொண்டிருந்தது.

ரேடியோவில் அந்தப் பையன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டான். போஸிஷன்? போஸிஷன்? குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதனாலேயே அதைத் தாங்க முடியவில்லை.

பிறகு கோள்கள் ஒரு நொடி வந்து போயின; திரையில் ஓர் எண் நின்றது. குதிக்கவில்லை, மாறவில்லை. வரைபடத்தில் பார்த்தேன். வடக்கே ஓர் ஓடைக்குள் விழுந்தது. நாமும் ஓர் ஓடையில்தானே இருக்கிறோம்!

"வந்துருச்சு!" என்று கத்தினேன். "நின்னுருச்சு பாரு, மாறவே இல்ல."

"எத்தன சேட்டலைட் காட்டுது?"

பார்த்தேன். "ஒண்ணுதான்."

"அப்ப அது புது நம்பர் இல்ல கமலி. கடைசியா கிடைச்சதையே பிடிச்சு வச்சுக்கிட்டு இருக்கு. குடுக்காத."

ஆ செங் அங்கிள் கண்ணைத் திறந்தார். அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "தங்காச்சி, காசி சாஜா லா" என்றார். கொடுத்துவிடு, எதையாவது கொடுத்துவிடு என்று அர்த்தம்.

ரத்தம் போய்க்கொண்டிருக்கிற மனிதர் கேட்கிறார். திரையில் எண் இருக்கிறது. ரேடியோ என் கையில் இருக்கிறது. நான் உன்னைப் பார்த்தேன். உன் முழங்கை வரை ரத்தம். உன் முகம் இருட்டில் பாதிதான் தெரிந்தது.

"தண்ணி வத்திக்கிட்டு இருக்கு" என்றாய். "தப்பான ஓடைக்குள்ள அவங்க வந்தாங்கன்னா, அவங்களும் சேத்துல மாட்டிக்குவாங்க. அப்புறம் வர்றதுக்கு யாரு இருக்கா? தெரியலன்னு சொல்லு."

"எப்படி லா தெரியலன்னு சொல்றது?"

"தெரியல. அதான் உண்மை. சொல்லு."

சொன்னேன். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. கருவி இருக்கிறது, இப்போது அதை நம்ப முடியாது, சரியானதும் சொல்கிறோம். அந்தப் பையன், "சரி அக்கா. ஓடை வாய்களில் விளக்கு அடித்துப் பார்க்கிறோம். நான் இங்கேயே இருக்கிறேன்" என்றான்.

அதற்குப் பிறகு வந்த நேரத்தை நான் இன்றும் முழுசாக நினைத்துப் பார்ப்பதில்லை. நீர் போகப் போகப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடைசியில் அடிப்பலகை சேற்றில் உட்கார்ந்துகொண்டது. கால் வைத்தால் இடுப்பு வரை விழுங்குகிற சேறு. கொசு முகத்தில் அப்பியது. சேற்றிலிருந்து சின்னச் சின்னதாக ஏதோ வெடிக்கிற சத்தம் நாலா பக்கமும் வந்துகொண்டிருந்தது. தூரத்தில் துறைமுகத்தின் வெளிச்சம் வானத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் ஊர் இருந்தது. ஒரு தடவை எஞ்சின் சத்தம்கூடக் கேட்டது. கத்தினோம், டார்ச் அடித்தோம். அது தேய்ந்து போய்விட்டது. நான் படகின் முனையில் திரையோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோளாக வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்தப் பக்கம் திரும்பாத, அதையே பாரு" என்று நீ சொல்லியிருந்தாய்.

பிறகு ஒரு கட்டத்தில், போன கோள்கள் திரும்ப ஆரம்பித்தன. வந்தவை நின்றன. எண்கள் தோன்றின. இந்த முறை அவை நம்மை ஒரு குறுகிய ஓடையின் வளைவில் வைத்தன. வரைபடத்து வளைவும் கண்ணெதிரே இருந்த வளைவும் ஒன்றாக இருந்தன. உடனே சொல்லப் போனேன். "இன்னும் கொஞ்சம் இரு. மறுபடியும் அதே வருதான்னு பாத்துக்க" என்றாய். பார்த்தேன். அதுவே வந்தது. மறுபடியும் அதுவே வந்தது. சொன்னேன். ஏறு நீர் அடிப்பலகையைத் தொட்டபோது அவர்களின் விளக்கு வளைவைத் திரும்பியது.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகும் உன் கைகள் விரியவில்லை. விரல்கள் மடங்கியபடியே விறைத்துப்போயிருந்தன. ஒரு தாதி வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நீவி விட்டார். கேன்டீனில் வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸை நான் ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "போதும்" என்றாய்.

அவர் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. ரத்தம் ஓடாமல் கிடந்த நேரம் அதிகம், சேறு வேறு உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே முதலாளி உன்னைக் கூப்பிட்டார். நானும் கூட வந்து நின்றேன்.

"ஸ்கிரீன்ல நம்பர் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு சார்."

"அப்ப ஏன் குடுக்கல?"

நான் சொன்னேன். அயனோஸ்பியர், குமிழ்கள், அறுந்த பதிவுகள் என்று என்னால் முடிந்ததெல்லாம் சொன்னேன். அவர் முழுசும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒரு ஆளுக்குக் கால் போச்சு. நீங்க வானத்தப் பத்திப் பேசுறீங்க" என்றார். அடுத்த மாதம் முதல் உனக்கு வெளிவேலை இல்லை. பின்னால் இருந்த ஸ்டோர் அறையில் பழைய கருவிகளைத் துடைத்து அடுக்குகிற வேலை. அந்த அறைக்கும் ஜன்னல் கிடையாது.

அன்று மாலை கருவி பதிந்ததையெல்லாம் நான் எடுத்துப் பொறுமையாகக் கணக்குப் போட்டு வரைந்தேன். ஆ செங் அங்கிள் கொடுக்கச் சொன்ன அந்த எண், நாம் இருந்த ஓடைக்கு வெகு தூரத்தில், எங்கேயும் போய்ச் சேராத ஓர் ஓடைக்குள் விழுந்தது. வற்றுகிற நேரத்தில் அதற்குள் போயிருந்தால் அவர்களுடைய படகும் அங்கேயே நின்றிருக்கும். தாளைக் கொண்டுவந்து ஸ்டோர் அறையில் உன் முன் விரித்தேன். நீ நெடுநேரம் பார்த்தாய்.

"கணக்கு சரியாத்தான் லா இருக்கு" என்றாய். "அங்கிளுக்குக் கால் இல்லையே."

அந்த வருடம் முடியுமுன் வேலையை விட்டுவிட்டுக் கிள்ளானில் ஒரு ரிப்பேர் கடை போட்டாய். டிவி, ரேடியோ, பிறகு கைபேசி. கடை நன்றாகத்தான் போனது. உன் அண்ணன் பிள்ளைகளை நீதான் படிக்க வைத்தாய். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஆரஞ்சுப் பெட்டியோடு மேருவுக்கு ஆ செங் அங்கிள் வீட்டுக்குப் போவாய். ஒரு தடவை நானும் வந்தேன். அவர் மகிழ்ச்சியாகத்தான் வரவேற்றார். நீ வாசலுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவர் காலைப் பார்க்காமல் இருக்கச் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். படகைப் பற்றி அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை.

சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் உன்னை இயந்திரத்தோடு கட்டிப்போட்ட காலத்தில், முடிந்த நாட்களில் நான் வந்து பக்கத்தில் உட்காருவேன். என் வீட்டிலும் அப்போதுதான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, நினைவும் தடுமாற ஆரம்பித்திருந்தது. நாம் இரண்டு பேருமே ஓடி அலுத்தவர்கள். ஒரு நாள், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாய்.

"அன்னிக்கு அந்த நம்பர குடுத்திருந்தா?"

"தப்பான ஓடைக்குப் போயிருப்பாங்க. நான் வரைஞ்சு காட்டினேன்ல?"

"அது தெரியும் லா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். "தெரிஞ்சும் விடமாட்டேங்குது."

நீ போன அன்று கிள்ளானில் உன் அண்ணன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆ செங் அங்கிளை அவர் மகன் காரில் கூட்டிவந்தான். தொண்ணூறை நெருங்கிவிட்டார். செயற்கைக் காலோடு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, உன் முன்னால் வந்து நின்றார். வெகு நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மலாயும் தமிழுமாகச் சொன்னதை உனக்காகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அந்தத் தங்காச்சி வருஷா வருஷம் வரும். மன்னிப்பு கேக்குற மாதிரியே மூஞ்சிய வச்சுக்கும். எதுக்குன்னு எனக்குப் புரியவே புரியாது."

"காலுக்கு அங்கிள்" என்றேன். "அந்த நம்பரைக் குடுக்காததுக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "கால் என் கத்தி வெட்டுனது. நம்பர் என்ன நம்பர்? அதுவா?" என்று கையை வீசினார். பிறகு, "உனக்குத் தெரியாதா? நீ முன்னால இருந்தே" என்று ஆரம்பித்தார்.

படகு சேற்றில் உட்கார்ந்த பிறகு அவருக்குக் கண் செருக ஆரம்பித்ததாம். வலிகூடக் குறைந்து, சுகமாகத் தூக்கம் வந்ததாம். கையை எடுத்துவிடு தங்காச்சி, போதும், நான் தூங்குகிறேன் என்று உன்னிடம் சொன்னாராம். நீ கையை எடுக்கவில்லை. குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, "உங்க வீட்டுக்கு வழி சொல்லுங்க அங்கிள்" என்றாயாம்.

"என்ன வழின்னேன். படகுத்துறையிலேருந்து உங்க வீட்டுக்கு நான் எப்படி வரணும், சொல்லுங்கன்னுச்சு. பஸ் ஏறணும்னேன். எந்த பஸ்ஸுன்னு கேட்டுச்சு. எங்க இறங்கணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு கேட்டுச்சு. சந்து முனையில என்ன கடைன்னு கேட்டுச்சு. கதவ யார் திறப்பாங்கன்னு கேட்டுச்சு. என் பொண்டாட்டின்னேன். என்ன சமைச்சிருப்பாங்கன்னு கேட்டுச்சு. சோறு, உப்பு மீன்னேன். நல்லா இருக்கே, எனக்குச் சரியா பிடிபடல, மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்கன்னுச்சு." அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. "விடவே இல்ல. நான் ஒரு சந்த மறந்துட்டா, அங்கிள் அந்தக் கோயில் பக்கம் திரும்பலியேன்னு திட்டும். விளக்கு வர்ற வரைக்கும் நான் வீட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தேன்."

"இத அவகிட்ட சொன்னீங்களா அங்கிள்? கால் விஷயத்துல அவ மேல ஒண்ணும் இல்லன்னு?"

"இல்ல. அதுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்." பிறகு, "சொல்லியிருக்கணும்" என்றார்.

அவ்வளவுதான் நான் உன்னிடம் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் சொல்லவில்லை, நீ கேட்கவில்லை, நீ போய்விட்டாய். இதை எழுதினால் உனக்குக் கேட்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல உன்னிடம் எனக்கு வாய் வராது.

சந்தையிலிருந்து நண்டு வாங்காமல்தான் திரும்பினேன். மத்தியானம் ஆனால் வீட்டில் என் கணவருக்குப் பயம் வந்துவிடும். தான் கிடக்கிற கட்டில் யாருடையது, இது யார் வீடு என்று தெரியாமல், எழ முடியாத உடம்போடு எழப் பார்ப்பார். "என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ" என்று அழுவார். இதுதான் வீடு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அடங்க மாட்டார். உன் சாவு வீட்டிலிருந்து வந்த அந்த வாரம்தான் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய விளங்காத கையைப் பிடித்துக்கொண்டு, வேறு மாதிரிக் கேட்டேன். இன்றும் அப்படித்தான் கேட்டேன்.

"வீட்டுக்கு எப்பிடிப் போறது? வழி சொல்லுங்கோ."

கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார். பிறகு மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. "ஸ்டேஷனாலை இறங்கி வர வேணும்" என்றார். "பிறகு இடப்பக்கம் திரும்பினால் பூக்கடை. அதைத் தாண்டி வர மாடிப்படி."

"கதவை ஆர் திறப்பினம்?"

"நீதான்" என்றார்.

"எனக்குச் சரியாய் விளங்கேல்லை" என்றேன். "முதலிலை இருந்து சொல்லுங்கோ."